வேக நடையா, ஸ்கிப்பிங்கா?

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் ஓட்டு வேக நடைக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, அதாவது தினம் அரை மணி வீதம் 5 நாள், அதுவும் பேச்சு வரும் ஆனால் பாட மூச்சு போதாது என்கிற வேகத்தில். ஸ்கிப்பிங் கடும் பயிற்சி, 75 நிமிடமே போதும், மழை நாளில் கூடத்திலேயே குதிக்கலாம், சரி. ஆனால் என் தம்பி முதல் நாளே வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் 300 குதித்துவிட்டு, மறுநாள் கெண்டைக்கால் இறுகி, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். முழங்கால் வலி இருந்தால் கயிறு வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் ஒன்றரை மாதம் நடந்து பழகுங்கள், அப்புறம் ஷூ போட்டுக்கொண்டு 20 நொடி குதித்து 40 நொடி ஓய்வு, ஐந்து தடவை.