ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்ட்: சி++ஆ, ரஸ்டா, கோவா, எலக்ட்ரானா?

விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றிலும் ஓடும் ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்ட் (தொலைவிலுள்ள கணினியின் திரையை நம் கருவியில் காட்டி, அதை இயக்க வைக்கும் செயலி) எழுத எந்த மொழி நல்லது என்று பேச்சு வந்தால், அது "எது வேகம்" என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் முதலில் கேட்பது வேறு: திரையின் பிக்சல்கள் எத்தனை முறை நகலெடுக்கப்படும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920x1080 திரை, பிக்சலுக்கு 4 பைட். ஒரு பிரேம் சுமார் 8.3 எம்பி. வினாடிக்கு 60 பிரேம் என்றால் கிட்டத்தட்ட 500 எம்பி, 4கே திரையில் அதைப் போல நான்கு மடங்கு. ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரமோ 16.7 மில்லி வினாடிதான். சுருக்கி வரும் வீடியோவை விரிக்கும் வேலையை எந்த மொழியில் எழுதினாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நூலகமோ ஜிபியு என்ற கிராஃபிக்ஸ் சில்லோதான் செய்யப்போகிறது. விரித்த பிரேமை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்துக் கொடுக்கும் இடத்தில்தான் நேரம் போகும்.

சி, சி++ பக்கம் பலமே ஏற்கெனவே இருக்கும் குறியீடுதான். மைக்ரோசாஃப்ட்டின் ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறையான ஆர்டிபி சின்ன விஷயம் இல்லை: கிளிப்போர்டு, ஒலி, பிரிண்டர், ஸ்மார்ட் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல். ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய கிளையன்ட்டிலிருந்து 2009இல் பிரிந்த ஃப்ரீஆர்டிபி என்ற திறந்த மூல நூலகம் இதையெல்லாம் சி மொழியில் செய்து வைத்திருக்கிறது. லினக்ஸின் ரெமினா கிளையன்ட்டும் ஆர்டிபிக்கு அதன் மேல்தான் நிற்கிறது. அதன் மேல் சி++, க்யூட்டி (முகப்பு நூலகம்) வைத்து முகப்பு கட்டினால் பிக்சல்கள் மொழி எல்லையைத் தாண்டவே தேவையில்லை. க்யூட்டியின் உரிம நிபந்தனைகளை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள், ஐஓஎஸ் பதிப்பு உண்டென்றால் கட்டாயம்.

சிக்கல் பாதுகாப்பில். எதிர்முனை சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பைட்டையும் கிளையன்ட் பிரித்துப் படிக்க வேண்டும். அந்த சர்வரே கெட்டதாக இருந்தால்? 2019இல் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதையே சோதித்து, ஆர்டெஸ்க்டாப்பிலும் ஃப்ரீஆர்டிபியிலும் நினைவக எல்லை மீறும் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். இவ்வகைப் பிழைகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும் ரஸ்ட் மொழிக்கான வலுவான வாதம் இதுதான். ஆனால் அதே ஆய்வில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கிளையன்ட்டில் அகப்பட்டது வேறு வகை: பகிர்ந்த கிளிப்போர்டு வழியாக, பயனர் நினைக்காத ஃபோல்டரில் சர்வர் ஒரு கோப்பைப் போட்டுவிட முடிந்தது. அதை ரஸ்ட் கம்பைலரும் பிடித்திருக்காது.

ரஸ்ட்டில் இன்று நல்ல அடித்தளம் இருக்கிறது. ஆர்டிபிக்கு அயர்ன்ஆர்டிபி நூலகம் உண்டு, அது வெப்அசெம்ப்ளியாக (பிரவுசர் இயக்கக்கூடிய நிரல் வடிவம்) பிரவுசரிலும் ஓடும். ரஸ்ட்டெஸ்க் என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலி தன் மையத்தை ரஸ்ட்டிலும் முகப்பை கூகுளின் ஃபிளட்டரிலும் எழுதியிருக்கிறது. ரஸ்ட்டில் முதிர்ந்த முகப்பு நூலகம் இல்லாத குறையை ஃபிளட்டர் தீர்க்கிறது. ஆனால் பிரேமை ஃபிளட்டரின் மொழியான டார்ட் வழியாக அனுப்பாமல் நேராக டெக்ஸ்சராக (ஜிபியு வரையும் படமாக) ஒப்படைக்க, ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக நேட்டிவ் குறியீடு எழுத வேண்டும். அந்த உழைப்பைத் திட்டத்தில் சேர்க்காமல் ஃபிளட்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கோ மொழி, இரு முனைக்கும் இடையே தரவைக் கடத்தும் ரிலே சர்வருக்கு அருமை. கிளையன்ட்டில் எஃப்எஃப்எம்பெக்குக்காக சிகோவை (சி குறியீட்டை அழைக்கும் வழி) இழுத்தவுடன், ஒரே கட்டளையில் எல்லாத் தளத்துக்கும் பில்ட் எடுக்கும் வசதி போய்விடும். கோவை எடுத்ததே அதற்காகத்தானே! சி# தெரிந்த குழு என்றால் அவலோனியா முகப்பு நூலகத்தைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் மாயியில் லினக்ஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது.

வலைப்பக்கம் போலவே செயலி எழுத வைக்கும் எலக்ட்ரான், முழு குரோமியம் பிரவுசரையும் கூடவே கொண்டுவரும். எப்போதாவது ஒரு சர்வரை எட்டிப்பார்க்க என்றால், பயனர் எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஓடும் நோவிஎன்சியோ குவாக்கமோலியோ போதும். நாள் முழுக்க வேலை செய்ய பிரவுசர் சரிவராது: தொலைவிலிருக்கும் எடிட்டரில் ஒரு டேபை மூட கன்ட்ரோல்+டபிள்யூ அழுத்தினால், பிரவுசர் டேபே மூடிக்கொள்ளும்.

விசைப்பலகை எந்த மொழியிலும் தலைவலிதான். விசைகளை இயங்குதளத்துக்கு முன் பிடிக்க விண்டோஸில் ஹூக், மேக்கில் பயனரின் அனுமதி, லினக்ஸின் வேலாண்ட் திரை அமைப்பில் அதற்கென்று தனி நெறிமுறை. மொபைலில் தமிழ் தட்டச்சு செய்தால் விசை எண்ணே வராது, "கோ" என்று எழுத்தாகவே வரும். அதை ஆர்டிபியின் யூனிகோட் உள்ளீடாக க, ோ என்று இரண்டு நிகழ்வுகளாக அனுப்ப வேண்டும். இங்கெல்லாம் இயங்குதளத்தை நேராகத் தொட முடிகிற சி++ஸும் ரஸ்ட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகவே படுத்தும்.

என் தேர்வு இதுதான். அலுவலக விண்டோஸ் சர்வர்களோடு பிரிண்டர், ஸ்மார்ட் கார்டு எல்லாம் வேண்டுமென்றால் ஃப்ரீஆர்டிபி, சி++, க்யூட்டி. ஃப்ரீஆர்டிபியின் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் உடனே புது வெளியீடு தர ஒருவரை ஒதுக்கியே ஆக வேண்டும். இரு முனையும் உங்கள் கையில், நெறிமுறையும் உங்களுடையது என்றால் ரஸ்ட் மையம், ஃபிளட்டர் முகப்பு. இந்த இரண்டாவது வழியில் போகிறவர்கள், நெறிமுறையில் கை வைக்கும் முன்பே, 60 பிரேம் வேகத்தில் வெறும் சோதனைப் படங்களை ஐந்து தளத்திலும் திரைக்குக் கொண்டுவந்து பார்த்துவிடுங்கள்.