பெயர் இருந்தது, கோப்பு இல்லை: போலி பென் டிரைவில் போன என் வாலட்

மடிக்கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒரு நாள் திடீரென்று செத்துப்போனது. நான் பெரிதாகப் பதறவில்லை. என் பிட்காயினுக்கான சாவிகள் உள்ள, பிட்காயின் கோர் என்ற மென்பொருளின் வாலட் கோப்பைத்தான் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேனே! செருகிப் பார்த்தேன். கோப்பு இருந்தது, அளவு சரி, தேதியும் சரி. வாலட் மட்டும் திறக்கவில்லை. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் முதலிலிருந்து கடைசி வரை வெறும் பூஜ்யம்.

ஆன்லைனில் 1 டிபி என்று வாங்கிய டிரைவ் அது. சோதித்தபோது உள்ளே 32 ஜிபிதான் தேறியது. டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரின் உள் மென்பொருளை மாற்றி, கணினியிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் பதிவாகிவிடுவதால் பெயர்களெல்லாம் பத்திரமாகத் தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவது எங்கும் போய்ச் சேராது. நானோ முதலில் படங்களையும் வீடியோக்களையும் நிரப்பிவிட்டு, வாலட்டைக் கடைசியில் போட்டிருந்தேன். காப்பி செய்த கையோடு திறந்தும் பார்த்தேன், திறந்தது! அப்போது கணினி டிரைவிலிருந்து படிக்கவில்லை, தன் நினைவகத்தில் வைத்திருந்த நகலைக் காட்டியிருக்கிறது. டிரைவைக் கழற்றி மறுபடி செருகிப் பார்த்திருக்க வேண்டும்.

விற்றவர்களிடம் கேட்டால், "ஃபார்மெட் பண்ணிப் பாருங்க சார்." அப்புறம் வேறொன்று அனுப்பினார்கள். அதுவும் அதே சரக்கு.

புலம்பியதைப் பார்த்து, மீட்டுத் தருகிறோம் என்று மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கேட்டது சீட் வார்த்தைகளை, அதாவது வாலட்டை மீட்டெடுக்க உதவும் வார்த்தை வரிசையை. பிட்காயின் கோரில் அப்படி ஒன்று கிடையாது என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்.

புது டிரைவ் எதை வாங்கினாலும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்ற சோதனை மென்பொருளைப் போட்டு, முழு அளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். அசல் டிரைவாகவே இருந்தாலும் தகவலைத் தாங்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும். வருடக்கணக்கில் இழுப்பறையில் போட்டு வைக்கும் பொருளல்ல அது.

இப்போது என்னிடம் இருப்பது 12 சீட் வார்த்தைகளால் மீட்கக்கூடிய வேறொரு வாலட். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்தைக் குத்தி வைத்திருக்கிறேன். அந்த வார்த்தைகள் எடுக்கப்படும் 2048 வார்த்தைப் பட்டியலில் எதையும் அடையாளம் காண அதுவே போதும். காசு போடும் முன் வாலட்டை அழித்துவிட்டு, தகட்டை மட்டும் பார்த்து மீட்டெடுக்க முயன்றேன். முதல் தடவை மீளவில்லை. ஏழாவது வார்த்தையில் ஓர் எழுத்தைத் தப்பாகக் குத்தியிருந்தேன்.