லினக்ஸ் கர்னல் லாக்: உடனே அச்சிடுவதா, தள்ளிப்போடுவதா, தனி த்ரெட்டிடம் விடுவதா?

சீரியல் கன்சோலை (கர்னல் செய்திகளைக் கேபிள் வழியே வேறொரு கணினிக்கு அனுப்பும் போர்ட்) நம்பி இயந்திரங்களைப் பராமரிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி என்றாவது வந்தே தீரும்: கர்னல் எழுதிய செய்தி கேபிளின் மறுமுனைக்கு எப்போது வர வேண்டும்? லினக்ஸில் இதற்கு மூன்று வழி இருக்கிறது. நாங்கள் மூன்றாவதுக்கு, அதாவது அச்சிடும் வேலையைத் தனி த்ரெட்டிடம் விடும் என்பிகான் (nbcon) கன்சோலுக்கு மாறிவிட்டோம். வேகத்துக்காக மாறவில்லை. இயந்திரம் விழும் நொடியில் கடைசி வரி வெளியே வருகிறதா என்பதைத்தான் பார்த்தோம்.

முதலில் மூன்றுக்கும் பொதுவானது. கர்னலில் செய்தி எழுதும் ஃபங்ஷனான பிரிண்ட்கேயை (printk) அழைத்ததும் செய்தி ரிங் பஃபருக்குள் (நிரம்பினால் பழையதன் மேல் புதியதை எழுதும் நினைவகப் பகுதி) போகிறது. நேரமுத்திரையும் அப்போதே விழுந்துவிடுகிறது. எனவே கன்சோலுக்கு மூன்று நொடி தாமதமாக வந்தாலும் அதில் உள்ள நேரம் சரியானதுதான். 5.10 கர்னலில் (2020) இந்த பஃபர் லாக் (lock, பூட்டு) இல்லாததாக மாறியது. என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) நடுவிலிருந்தும் இப்போது நேராக எழுதலாம். அதற்கென்று வைத்திருந்த சிபியு வாரியான தற்காலிக பஃபர்களும் 5.15-ல் நீக்கப்பட்டன. ஆகவே பஃபரில் ஏறுவதில் சிக்கல் இல்லை, அங்கிருந்து கம்பிக்கு இறங்குவதில்தான் வேறுபாடு.

பழைய வழியில், பிரிண்ட்கே அழைத்தவரே கன்சோல் லாக்கைப் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அச்சிட வைக்கும் பூட்டு) பிடித்து அச்சிடுகிறார். லாக் வேறொருவர் கையில் இருந்தால் செய்தியை பஃபரில் போட்டுவிட்டுப் போய்விடலாம்; லாக்கை வைத்திருப்பவர் தலையில் எல்லாருடைய செய்தியும் விழும். 115200 பாடில் நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு 7 மில்லிசெகண்ட். பல விநியோகங்களில் பஃபர் 256 கேபி. அது நிரம்பி நின்றால் காலியாக சுமார் 23 நொடி ஆகும். சிபியு ஒரே வேலையில் சிக்கிக்கிடப்பதைச் சொல்லும் சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை 20 நொடியிலேயே வந்துவிடும், அந்த எச்சரிக்கையும் அதே வரிசையின் வாலில் போய் நிற்கும். 2018-ல் சேர்ந்த கைமாற்று முறை இந்தச் சுமையைச் சிபியுக்களுக்குள் பகிர்ந்ததே தவிரக் குறைக்கவில்லை. திரை மட்டும் உள்ள, செய்திகள் குறைவாக வரும் கணினிக்கு இதுவே போதும்.

இரண்டாவது, பிரிண்ட்கே டெஃபர்ட். ஷெட்யூலர் (எந்த டாஸ்க் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) தன் ரன் க்யூ (ஓடக் காத்திருக்கும் டாஸ்க்குகளின் வரிசை) லாக்கைப் பிடித்திருக்கும்போது சாதாரண பிரிண்ட்கே அழைத்தால், கன்சோல் செமஃபோரை (மேலே சொன்ன கன்சோல் லாக்தான்) விடும்போது காத்திருக்கும் டாஸ்க்கை எழுப்ப வேண்டிவரும். எழுப்புவதற்கு அதே ரன் க்யூ லாக் தேவை. அங்கேயே டெட்லாக், அதாவது யாரும் நகர முடியாத முடக்கம். அதனால் செய்தியை பஃபரில் மட்டும் போட்டு, அச்சிடும் வேலையை ஐஆர்க்யூ ஒர்க்கிடம் (பிறகு இன்டரப்டில் ஓடும் சிறு வேலை) விடுகிறார்கள். ஷெட்யூலருக்கு இது தவிர்க்க முடியாதது. ஆனால் டிரைவர் எழுதுகிறவர்கள் 'அழைத்தவரைத் தாமதப்படுத்தாது' என்று இதை எடுத்துக்கொள்வது தவறு. அந்த ஒர்க், இன்டரப்ட் வந்தால்தான் ஓடும். இன்டரப்டை அணைத்த நிலையில் அந்த சிபியு சிக்கிக்கொண்டால் செய்தி பஃபரிலேயே கிடக்கும். மேலும் ஒர்க் ஓடும்போது அச்சிடுவது இன்டரப்ட் சூழலில் நடக்கிறது. சுமை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

என்பிகானில் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி கர்னல் த்ரெட். ப்ராசஸ் பட்டியலில் 'பிஆர்' என்று தொடங்கி போர்ட்டின் பெயரோடு தெரியும். பிரிண்ட்கே அழைத்தவர் பஃபரில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறார். இதே த்ரெட் யோசனை 2022-ல் 5.19-க்காகச் சேர்க்கப்பட்டு, வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. இயந்திரம் விழும்போது த்ரெட்டை ஓட வைக்க ஆளில்லை, செய்தி தொலைந்தது. 6.12-ல் (நவம்பர் 2024) வந்த வடிவம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் வந்தது.

எப்படி என்றால், டிரைவர் இரண்டு எழுதும் வழிகளைத் தருகிறது: த்ரெட்டுக்கு ஒன்று, எந்தச் சூழலிலும் ஓடக்கூடிய அட்டாமிக் வழி ஒன்று. கன்சோலின் உரிமைக்கு மூன்று முன்னுரிமை: சாதாரணம், அவசரம், பேனிக் (கர்னல் மீள முடியாமல் விழும் நிலை). வார்ன் (கர்னல் எச்சரிக்கை), ஊப்ஸ் (கர்னல் பிழை) வரும்போது அந்த சிபியு அவசர நிலைக்குப் போய், த்ரெட்டிடமிருந்து கன்சோலைப் பிடுங்கித் தானே அச்சிடும். ரெஜிஸ்டரில் பாதி எழுதிய இடங்களை டிரைவர் 'பாதுகாப்பற்ற பகுதி' என்று குறித்திருக்கும். அங்கே பிடுங்காமல் காத்திருக்கும். பேனிக்கின் கடைசிக் கட்டத்தில் மட்டும், வேறு வழியே இல்லாதபோது, அந்தக் குறியையும் மீறும். லாக்கை மீறுவது பழைய முறையிலும் உண்டு. இங்கே எதை, எப்போது மீறுகிறோம் என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது.

இனி சிக்கல் வரும் இடங்கள். பேனிக்கில் தேங்கியவை வரிசைப்படிதான் வெளிவரும். பேனிக் செய்தி கடைசியில். த்ரெட் பின்தங்கி 200 கேபி தேங்கியிருந்தால் 115200-ல் 17 நொடிக்கு மேல். போர்டின் ஹார்டுவேர் வாட்ச்டாக் (பதில் வராவிட்டால் ரீசெட் செய்யும் டைமர்) 10 நொடிக்கு வைத்திருந்தால், நமக்கு வேண்டிய கால் ட்ரேஸ் (விழுந்த இடத்தைக் காட்டும் ஃபங்ஷன் பட்டியல்) வருவதற்குள் ரீசெட் ஆகிவிடும். 'பிரிண்ட்கே செய்திகள் விடுபட்டன' என்ற வரியைப் பார்த்துப் பலரும் பஃபரை 4 எம்பி ஆக்குகிறார்கள். தேங்கும் அளவும் அதோடு பெருகுகிறது. முதலில் கன்சோல் லாக்லெவலை (எந்த நிலைச் செய்திகள் வரை அச்சிடுவது என்ற எல்லை; எண் சிறிதானால் செய்தி முக்கியமானது) 4-க்கு இறக்குங்கள், இரு முனையும் தாங்கினால் 921600 பாட் வையுங்கள். அப்போது 256 கேபி மூன்று நொடிக்குள் வெளியேறிவிடும். இரண்டும் செய்த பிறகு வேண்டுமானால் பஃபரைக் கூட்டலாம்.

சோதிக்கும் முறை: நம் வரிகளைக் கர்னல் பஃபரில் எழுத உதவும் டெவ்-கேமெசேஜ் (/dev/kmsg) கோப்புக்கு வரம்பு இல்லாதபடி, அதற்கான பூட் ஆப்ஷனை 'ஆன்' ஆக்குங்கள். அப்படியே விட்டால் உங்கள் சோதனை வரிகளையே கர்னல் வெட்டிவிடும். எண்ணிட்ட 100 எழுத்து வரிகள் 2,000 எழுதி, உடனே சிஸ்ஆர்க்யூ சி (வேண்டுமென்றே கர்னலை விழ வைக்கும் கட்டளை) கொடுங்கள். கடைசி எண்ணும் கால் ட்ரேஸும் இரண்டும் மறுமுனைக்கு வந்தால்தான் தேறியது. லாக்லெவல் 4-ல் இருந்தால் வரிகளுக்கு 3 அல்லது அதற்குக் கீழான நிலை கொடுக்க வேண்டும்.

ஆர்டி (ரியல்-டைம் கர்னல்) பயன்படுத்துவோருக்கு: அச்சிடும் த்ரெட் நைஸ் மைனஸ் 20-ல் (சாதாரண த்ரெட்களுக்குள் மிக உயர்ந்த முன்னுரிமை) ஓடும் சாதாரண த்ரெட்தான். எல்லா கோரையும் ஃபிஃபோ வேலைகள் (சாதாரண த்ரெட்களுக்கு முந்தி ஓடும் ரியல்-டைம் வேலைகள்) பிடித்துக்கொண்டால் அது பட்டினி கிடக்கும். ஒரு கோரையாவது அதற்கு விட்டுவையுங்கள்.

இவையெல்லாம் சீரியல் கன்சோலுக்குச் சொன்னவை. நெட்வொர்க் வழியாகக் கர்னல் செய்திகளை அனுப்புவோருக்கு இதே முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கர்னல் புதிதாக இருந்தாலே போதும் என்றும் இல்லை. 6.12 வந்தபோது பிசிக்களில் பரவலாக உள்ள 8250 டிரைவரே மாறியிருக்கவில்லை. ப்ராக் அடியில் உள்ள கன்சோல்ஸ் கோப்பைத் (/proc/consoles) திறந்து, உங்கள் போர்ட்டின் வரியில் பெரிய 'என்' (N) எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இருப்பது பழைய வழியில்தான். உங்கள் டிரைவர் மாறும்வரை ராம்ஊப்ஸில் (ரீசெட்டுக்குப் பிறகும் செய்திகளை நினைவகத்தில் காக்கும் வசதி) கன்சோலுக்கு ஓர் இடம் ஒதுக்கிவையுங்கள். மின்சாரம் போகாமல் ரீசெட் ஆனால், அடுத்த பூட்டில் பிஸ்டோர் (அப்படிக் காத்தவற்றைக் காட்டும் இடம்) அடியில் அந்த வரிகள் கிடைக்கும்.