போர்க்கால ஜீப்பும் அம்பத்தூர்ப் பட்டறையும்

தாத்தா விட்டுச்சென்ற ராணுவ ஜீப்பை, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிப் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு சிறிய பட்டறையில் ஒப்படைத்து, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு சென்ற மாதம் திரும்பப் பெற்றேன்.

எங்கள் வீட்டில் அதை வில்லிஸ் கம்பெனி வண்டி என்றே சொல்லிவந்தோம். மூத்த மெக்கானிக் முதல் நாளே குனிந்து முன்புறக் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தார். "வில்லிஸ் என்றால் இது உருண்டைக் குழாயாக இருக்கும் சார், இதுவோ ‘ப’வைக் கவிழ்த்துவைத்தது போல இருக்கிறது, ஃபோர்டு வண்டி" என்றார். இரண்டாம் உலகப் போரில் இரு நிறுவனங்களும் ஒரே வடிவமைப்பில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன; ஃபோர்டு மட்டும் தன் போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ என்று பொறித்தது. அந்த முத்திரையோடு எஞ்சியிருந்த போல்ட்டுகளைத் தனி டப்பாவில் சேர்த்து, துருவெடுத்து, கழற்றிய இடங்களிலேயே மீண்டும் முடுக்கியிருக்கிறார்கள். சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிலோ கணக்கில் போல்ட் வாங்கி ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.

பின்தளத்துக்கு அடியில் ஓடும் தாங்கு சட்டங்களுக்குள் தொழிற்சாலையிலேயே மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது பல்லாண்டு மழைநீரை உறிஞ்சித் தேக்கி, தகட்டை உள்ளிருந்தே அரித்துவிட்டிருந்தது. மேலே பட்டி பூசி மறைக்காமல், சட்டத்தை முழுவதும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பட்டி ஈரத்தை இழுக்கும் என்பதால் வெறும் இரும்பின்மேல் அதைத் தடவாமல், மணல் வீசித் துருவகற்றிய கையோடு ஈரம் புகவிடாத அடிப்பூச்சான எப்பாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் தேவையான இடங்களில் மட்டும் மெல்லியதாக இட்டார்கள். கடற்காற்றுள்ள இந்த ஊரில் இந்த வரிசைதான் முக்கியம்.

பழைய ஆலிவ் பச்சையே வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆம் விதிப்படி அந்நிறம் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்லி, அதை அடிக்க அவர்கள் உறுதியாக மறுத்துவிட்டார்கள். பளபளப்பற்ற மணல் நிறத்துக்குச் சம்மதித்தேன். டாஷ்போர்டுக்கு உட்புறம், சுரண்டும்போது வெளிப்பட்ட முதல் பச்சை அடுக்கை உள்ளங்கை அளவுக்கு விட்டுவைத்து, அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் பூசித் தந்தார்கள். நான் கேட்காமலே செய்தது அது.

குறைகளும் உண்டு. எட்டு மாதம் என்று சொன்னதை எழுத்தில் வாங்காதது என் தவறு என்றாலும், தாமதத்தை ஒருமுறைகூட அவர்களாக அழைத்துச் சொல்லவில்லை. முதல் மழையிலேயே பின்விளக்கு அணைந்தது. மறுநாள் வீட்டுக்கே வந்து வயரைச் சரிசெய்தார்கள். பளபளப்பற்ற பெயிண்டின்மேல் பாலிஷ் போட்டால் திட்டுத்திட்டாக மினுங்கும் என்பதை வண்டியைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இடது மட்கார்டில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

கியர்பாக்ஸ் வேலை பாக்கியிருக்கிறது. அதையும் அங்கேயே கொடுக்கிறேன், இம்முறை தேதியை எழுதி வாங்கிக்கொண்டு.