ஒரே குயில், ரெண்டு பாட்டு: ஸீஃபேரரா, சுமர் இஸ் இக்கூமென் இன்னா?

பழைய இங்கிலீஷ் கவிதைல பருவகாலம் எப்படி வருதுன்னு பார்க்கணும்னா இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. ஸீஃபேரர்னா கடலோடி. ஒரு கடலோடி தன் கதையைச் சொல்ற மாதிரி வர கவிதை இது, எக்ஸெட்டர் புக்ங்கற 10ஆம் நூற்றாண்டு கையெழுத்துக் கவிதைத் தொகுப்புல இருக்கு, எழுதினவர் பேர் தெரியாது. ஆரம்பத்துல முழுக்க குளிர்தான். உறைபனி அவர் கால்களை விலங்கு போட்ட மாதிரி கட்டிப்போடுது, ஆலங்கட்டி மழை கொட்டுது, அதை தானியத்துலயே ரொம்ப சில்லுன்னு இருக்கற தானியம்னு சொல்றார் பாருங்க, அந்த ஒரு வரிக்காகவே நான் இதை திரும்பத் திரும்ப படிப்பேன். மனுஷங்க சிரிப்புக்கு பதிலா அவருக்குக் கிடைக்கறது கடல் பறவைங்க கத்தற சத்தம் மட்டும்தான்.

சுமர் இஸ் இக்கூமென் இன், அதாவது 'கோடை வந்துடுச்சு', 13ஆம் நூற்றாண்டுப் பாட்டு, இங்கிலாந்துல ரெடிங்ங்கற ஊர் மடத்தோட தொடர்புள்ள கையெழுத்துப் பிரதில இசைக் குறிப்போட இருக்கு. விதை முளைக்குது, புல்வெளி பூக்குது, ஆடு குட்டியைத் தேடிக் கத்துது, காளை துள்ளுது. நாலு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பாட, கீழ ரெண்டு குரல் தாங்கிப் பிடிக்கும்.

ரெண்டுலயும் குயில் இருக்கு, அதான் எனக்குப் பிடிச்ச விஷயம். பின்னாடி வந்த பாட்டுல நிறுத்தாம பாடுன்னு குயிலைக் கெஞ்சறாங்க, ஆனா ஸீஃபேரர்ல கோடையோட காவல்காரனான அதே குயில் சோகக் குரல்ல துக்கம் வருதுன்னு எச்சரிக்குது, ஊரே பூத்துக் கிடக்கறப்பவும் அந்த ஆளுக்கு கடலுக்குக் கிளம்பணும்னுதான் தோணுது.

முதல்ல கேக்கறதுக்கு சுமர் ஈஸி. மனசுல தங்கறது எனக்கு ஸீஃபேரர்தான்.