சாமி கண்ணைக் குத்துமா, காரணம் சொல்வதா?

பிள்ளைக்கு நல்லது கெட்டது எப்படி உறைக்கும் என்று நாகர்கோவில் பக்கம் பேச்சு வந்தால் இந்த இரண்டு வழியும்தான் மோதும்.

வேகம்: 'சாமி கண்ணைக் குத்தும்' என்றால் மூன்று வயதுப் பிள்ளை உடனே கையை எடுத்துவிடும். காரணம் சொல்லப் போனால் ஏன், ஏன் என்று கேட்டே சோறு ஆறிவிடும்.

ஆயுள்: பயம் பார்க்க ஆளில்லாத இடத்தில் இளகும். வடசேரி சந்தையில் காய்கறிக்காரம்மா மீதியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், 'ராத்திரி கணக்குப் பார்க்கும்போது அவங்க காசுதானே குறையும்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைதான் திரும்பி நடக்கும் என்பது என் எண்ணம். அடுத்தவருக்கு என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்வதே மிரட்டலைவிட மனதில் தங்கும் என்று உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மனும் வாதிட்டார்.

நல்லது கெட்டது பிறவியிலேயே வருமே என்பவர்களுக்கு: இன்னொரு பொம்மைக்கு இடைஞ்சல் செய்கிறதை விட்டு, உதவுகிற பொம்மையையே கைக்குழந்தைகளும் எடுக்கின்றன என்று 2007இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது, 37 ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி சோதித்து 2024இல் வெளியிட்டபோது அந்த விருப்பம் தெரியவில்லை.

சாமி என்றாலே மிரட்டல் என்றும் இல்லை. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவருக்குத் தன் முகமே தெரியும்.

அடுப்பு, கிணறு, ரோடு என்றால் ஒரு அதட்டல் போதும், சாமியை இழுக்க வேண்டாம். பொய், களவு, கேலி என்றால் சோறு ஆறினாலும் சரி, உட்கார்ந்து காரணம் சொல்லுங்கள்.