ஜப்பான் செல்போன் சண்டை: பெரியண்ணன் ஏன் எப்போதும் லேட்டாக வருகிறார்?

டோக்கோமோ என்ற பெயர் நம்மூரில் பலருக்கு நினைவிருக்கும். 2009-ல் டாடாவோடு கைகோத்து இந்தியாவில் இறங்கியது. நிமிடக் கணக்கில் காசு பிடித்துக்கொண்டிருந்த சந்தையில் 'நொடிக்கு ஒரு பைசா' என்றது. சில மாதங்களில் மற்ற நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் அதே கணக்குக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஜப்பானில் டோக்கோமோ ரொம்ப காலம் இப்படி ஆடியதே இல்லை. அங்கே அது பெரியண்ணன். இந்த மாதிரி ஆட்டத்தை அதன் மேல் ஆடிப் பார்த்தவர்கள் மற்ற மூன்று பேர்: கேடிடிஐ (கடைப்பெயர் 'ஏயு'), சாஃப்ட்பேங்க், கடைசியாக வந்த ராக்குட்டன்.

இந்த நால்வரையும் ஒப்பிட விலைப் பட்டியலோ டவர் எண்ணிக்கையோ எனக்குப் போதவில்லை. நான் கேட்கும் கேள்வி வேறு. ஒருவர் வீசிய கல்லை, தன் வீட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொள்ளாமல் மற்றவரால் திருப்பி வீச முடிந்ததா?

டோக்கோமோவின் கண்ணாடி வீடு ஐ-மோட், போனிலேயே இணையத் தளங்களைப் பார்க்கும் சேவை. 1999 பிப்ரவரி 22 அன்று தொடங்கியது. ஒன்றரை வருடத்தில் ஒரு கோடி பேர் சேர்ந்தார்கள். ராசிபலன், ரிங்டோன், ரயில் நேரம் என்று சின்னச் சின்னத் தளங்கள். அதற்கான கட்டணம் போன் பில்லோடு சேர்ந்து வரும். வசூலில் 9 சதவீதத்தை டோக்கோமோ எடுத்துக்கொண்டு மீதியைத் தளக்காரருக்குக் கொடுத்துவிடும். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான வருமானம் டேட்டாவில் இருந்தது. 128 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு 0.3 யென். போன் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் டோக்கோமோதான் சொல்லும். என்இசி, பானாசோனிக் போன்றவர்கள் செய்து கொடுப்பார்கள். நெட்வொர்க், போன், மெனு என எல்லாவற்றின் சாவியும் ஒரே இடுப்பில்.

இந்தப் பாக்கெட் கணக்கில்தான் கேடிடிஐ கை வைத்தது. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2001 அக்டோபரில் டோக்கோமோ 'ஃபோமா' என்ற பெயரில் 3ஜி-யைத் தொடங்கியது. உலகில் அந்தத் தொழில்நுட்பத்தை வணிகமாகக் கொண்டுவந்த முதல் நிறுவனம் அதுதான். ஆனால் பழைய நெட்வொர்க்கோடு அது ஒட்டவில்லை. டவர்களைப் புதிதாகப் போட வேண்டும், பேட்டரியோ சீக்கிரம் காலியாகும். பத்து லட்சம் பேர் சேரவே இரண்டு வருடம் ஆனது. கேடிடிஐ எடுத்த சிடிஎம்ஏ2000 என்ற இன்னொரு 3ஜி வழி அவ்வளவு பகட்டானது இல்லை. ஆனால் ஏற்கெனவே இருந்த நெட்வொர்க்கின் மேலேயே அதை ஏற்றிவிடலாம். 2002 ஏப்ரலில் தொடங்கியவர்கள், ஆறு மாதம் பின்தங்கி வந்தும் ஊர் முழுக்கப் பரவிவிட்டார்கள்.

அப்புறம் 2003 நவம்பரில் அடுத்த அடி. 'வின்' என்ற சேவையில் டேட்டாவுக்கென்று தனி அலைவரிசைத் தடம். பேச்சோடு அது முட்டிக்கொள்ளாது. அதனால் ஒரு பைட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு குறைந்தது. மாதம் 4,200 யென் கட்டினால் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள் என்றார்கள். பாக்கெட் பில்லைப் பார்த்து மயங்கி விழுவதற்கு 'பாக்கெஷி', அதாவது பாக்கெட் சாவு, என்று ஜப்பானியர்கள் பேரே வைத்திருந்த காலம் அது. டோக்கோமோவுக்குத் தர்மசங்கடம். பேச்சும் டேட்டாவும் அங்கே ஒரே தடத்தில். கொழுத்த வருமானமும் அந்தப் பாக்கெட்டில்தான். ஏழு மாதம் யோசித்து 2004 ஜூனில் 3,900 யென்னுக்குத் தானும் ஒரு திட்டம் விட்டது. அதற்குள் முழுப் பாட்டையும் போனில் இறக்கும் பழக்கம் வரை கேடிடிஐ யோசித்து வைத்திருந்தது. அந்த வருட நவம்பரிலேயே கொண்டுவந்தும் விட்டது.

சாஃப்ட்பேங்கின் பாணி வேறு. அது 2006-ல் சுமார் 1.75 லட்சம் கோடி யென் கொடுத்து வோடஃபோனிடமிருந்து வாங்கியது ஒரு சோர்ந்துபோன மூன்றாமிடத்தை. வோடஃபோன் கைக்குப் போகுமுன் ஜே-போன் என்ற பெயரில் இருந்த காலத்தில், 2000-ல், கேமரா வைத்த ஷார்ப் போனை விட்டு, படம் எடுத்து மெயிலில் அனுப்பும் மோகத்தைக் கிளப்பிய வீடுதான் அது. சாஃப்ட்பேங்கின் முதலாளி மசயோஷி சன் முதலில் விலையைத் தொட்டார். 2007 ஜனவரியில் மாதம் 980 யென்னுக்கு 'ஒயிட் பிளான்'. சாஃப்ட்பேங்க் ஆட்களுக்குள் பேச்சு இலவசம், இரவு 9 முதல் 1 மணி வரை தவிர. காதலர்கள் பேசும் நேரத்தை மட்டும் கவனமாக ஒதுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள்! சும்மா கிடக்கும் தடத்தைத் தானம் கொடுத்து, நெரிசல் நேரத்தில் மட்டும் காசு பார்ப்பது.

இரண்டாவது கல் கடன் வாங்கிய கல்: 2008 ஜூலையில் ஐபோன் 3ஜி. அதில் டிவி இல்லை, தட்டிப் பணம் கட்டும் சிப் இல்லை, எமோஜிகூட இல்லை. ஜப்பானில் விற்காது என்று பலர் நினைத்தார்கள். (ஐபோனில் முதலில் எமோஜி வந்ததே அந்த நவம்பரில், இந்தச் சந்தைக்காகத்தான்.) டோக்கோமோவால் அதைத் தொட முடியாததற்குக் காரணம் தெரிந்ததே. மெனுவும் பில்லும் ஆப்பிளிடம் போய்விட்டால் இடுப்பில் சாவிக்கொத்து எதற்கு? கேடிடிஐ 2011-ல் மனசு மாறியது. டோக்கோமோ 2013 செப்டம்பர் வரை இழுத்தது. அதே வருடம் கோடையில் கேலக்ஸி, எக்ஸ்பீரியா என்ற இரண்டு போன்களை மட்டும் முன்னே தள்ளிப் பார்த்தது. அதில் அடிபட்டவர்கள் வீட்டுக்காரர்களே. என்இசி-யும் பானாசோனிக்கும் அந்த வருடமே ஸ்மார்ட்போனை விட்டு விலகுவதாக அறிவித்தன.

சரி, ராக்குட்டனுக்கு வருவோம். 2020 ஏப்ரலில் வந்தது: 2,980 யென், அளவில்லாத டேட்டா, முதல் 30 லட்சம் பேருக்கு ஒரு வருடம் இலவசம். நெட்வொர்க்கின் பெரும்பகுதியைச் சிறப்பு இயந்திரங்களுக்குப் பதிலாகச் சாதாரண சர்வர்களில் மென்பொருளாக ஓட்டும் அமைப்பு. வழக்கம்போல இந்த முறையும் பெரியண்ணன் தயங்குவார் என்று நானும் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் 2019-20 நிதியாண்டில் டோக்கோமோ செயல்பாட்டு லாபத்தில் மூன்றாமிடத்துக்கு இறங்கியிருந்தது, வாடிக்கையாளர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்துகொண்டே. பிரதமராக வந்த சுகாவோ கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். தாய் நிறுவனம் என்டிடி, டோக்கோமோவை முழுவதுமாகத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் 'அஹாமோ' அறிவிப்பு: 20 ஜிபி, அதே 2,980 யென், ஆன்லைனில் மட்டும். பிறகு அதையும் 2,700 ஆக்கினார்கள். கண்ணாடியைத் தானே உடைத்துக்கொண்ட முதல் சந்தர்ப்பம் இது. ஊரெங்கும் டவர் உள்ளவன் அந்த விலைக்கு வந்தால், டவர் போட்டுக்கொண்டிருப்பவனின் 2,980 என்ன ஆகும்?

ராக்குட்டன் இன்னும் கீழே இறங்கியது. 2021-ல் ஒரு ஜிபி வரை பூஜ்யம் யென். அதாவது தன் கண்ணாடியைத் தானே குறிவைத்தது. நஷ்டம் ஏறிக்கொண்டே போக, 2022 ஜூலையில் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். இலவசத்துக்கு வந்தவர்களில் பலர் நகர்ந்தார்கள்.

நால்வரில் யார் நாற்காலி வேண்டும் என்று கேட்டால் நான் கேடிடிஐ-யினுடையதைத்தான் கேட்பேன். ராக்குட்டன் டவர் எட்டாத ஊர்களில் அதன் வாடிக்கையாளர் போன் வேலை செய்தது கேடிடிஐ நெட்வொர்க்கில். அதற்கான வாடகை கேடிடிஐ-க்குப் போனது. பூஜ்யம் போனதும் ராக்குட்டனை விட்டுக் கிளம்பியவர்கள் வரிசையில் நின்ற இடங்களில் ஒன்று 'போவோ', அடிப்படைக் கட்டணம் பூஜ்யம் யென். அதை நடத்துவதும் கேடிடிஐ-தான்.